களிம்பு கேட்டு வருகிறவரிடம் ஒரு வார்த்தை: ஆரப்பாளையம் மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மருந்துக்கடை நண்பர்களுக்கு,

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தைச் சுற்றியும், கிராஸ் ரோட்டிலும், புட்டுத்தோப்பு, மஞ்சள்மேடு, பெத்தானியாபுரம் பக்கமும் மருந்துக்கடை வைத்திருப்பவர்களுக்கும், அந்தக் கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். நான் மதுரையில் சிறுநீரகவியல் அறுவை மருத்துவம் பார்ப்பவன். உங்களிடம் ஒரு உதவி கேட்க வேண்டும். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். ஆண்குறியில் வரும் புற்றுநோயை இந்த வட்டாரத்தில் முதலில் சந்திக்கிறவர்கள் மருத்துவர்கள் அல்ல, நீங்கள்தான். எங்களிடம் வந்து சேரும் நோயாளி பல மாதங்களுக்கு முன்பே ஏதோ ஒரு மருந்துக்கடை வாசலில் நின்றிருக்கிறார். ஒரு டியூப் களிம்பு வாங்கிக்கொண்டு பேருந்து ஏறியிருக்கிறார்.

அதிலும் ஆரப்பாளையம் கடைகளுக்கு ஏன் எழுதுகிறேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. தேனி, கம்பம், போடி, உசிலம்பட்டி, வத்தலக்குண்டு, திண்டுக்கல், பழனி என்று மேற்கேயும் வடக்கேயும் இருந்து வருகிற பேருந்துகள் உங்கள் வாசலில்தான் ஆளை இறக்கிவிடுகின்றன. மறைவிடத்தில் புண் வந்த ஒருவர் தன் ஊர்க் கடையில் அதற்கு மருந்து கேட்க மாட்டார். கடைக்காரர் மாமன் மச்சான் முறையாக இருப்பார். இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்பவர் சம்பந்தி வீட்டு ஆளாக இருப்பார். தன் முகம் யாருக்கும் தெரியாத இடம் அவருக்கு வேண்டும். கல்யாணத்துக்கோ கோர்ட்டு வேலைக்கோ மதுரைக்கு வரும்போது, திரும்புகிற பேருந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அவர் உங்கள் கடைக்கு வருகிறார். சொந்த ஊரில் வெட்கப்பட்டு மறைத்த நோயை அவர் முதல்முறையாக வாய்விட்டுச் சொல்வது உங்களிடம்தான்.

எப்படிச் சொல்வார் என்பதும் உங்களுக்குத் தெரியும். கல்லாவில் பெண் நின்றால் டீக்கடைப் பக்கம் நகர்ந்து போய் நிற்பார். ஆண் ஒருவர் கவுன்டருக்கு வந்ததும் கூட்டம் கலைகிறதா என்று பார்த்துவிட்டுக் கிட்டே வருவார். "அண்ணே, அந்த எடத்துல அரிப்பா இருக்கு, ஏதாச்சும் ஆயின்மென்ட் குடுங்க" என்பார். எந்த இடம் என்று நீங்களும் கேட்க மாட்டீர்கள், அவரும் சொல்ல மாட்டார். படர்தாமரை என்று நினைத்து நீங்கள் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் மூன்று மருந்து கலந்த டியூப். பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, அரிப்பை அடக்க ஸ்டீராய்டு ஒன்று.

தொல்லை அந்த மூன்றாவதில் இருக்கிறது. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் இரண்டே நாளில் குறைத்துவிடும். அடியில் இருப்பது புற்றுநோயாக இருந்தாலும் மேலே உள்ள அழற்சி தணியும், கசிவு குறையும், சரியாகிவிட்டது என்று அவர் நிம்மதி அடைவார். ஒரு மாதம் கழித்துத் திரும்ப வரும். திரும்ப அதே டியூப். இப்படியே ஒரு வருடம் போய்விடும். தோலுக்குப் போடும் ஸ்டீராய்டு மருந்துகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே அட்டவணை எச்-க்குள் கொண்டுவந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். சட்டத்தைக் காட்டி மிரட்ட இதை எழுதவில்லை. அந்த விதி யாரை மனத்தில் வைத்துப் போடப்பட்டதோ, அவர்களில் ஒருவர்தான் உங்கள் எதிரே நிற்கிறார்.

இது அபூர்வமான நோய்தானே என்று கேட்பீர்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அபூர்வம்தான். அங்கே ஒரு லட்சம் ஆண்களுக்கு ஆண்டுக்கு ஒருவர் என்ற அளவுதான் இருக்கும். நம் நாட்டுக் கணக்கு வேறு. 2020-இல் உலகம் முழுக்க ஏறத்தாழ 36,000 பேருக்கு ஆண்குறிப் புற்றுநோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் கால் பங்குக்கும் மேல் இந்தியாவில். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம், வசதியுள்ளவரைவிட ஏழையிடம் அதிகம். வீட்டில் குளியலறை இல்லாமல் கண்மாயிலும் பம்புசெட்டிலும் வேட்டியைக் கட்டிக்கொண்டே குளிக்கிற ஒருவர், முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவுவதற்குத் தனியிடம் எங்கே தேடுவார்?

நோய் ஆரம்பிப்பது பெரும்பாலும் அந்த முன்தோலுக்கு அடியில்தான். தோல் இறுகிப் பின்னால் போகாமல் இருப்பதை ஃபைமோசிஸ் என்கிறோம். சிறுபிள்ளைகளுக்கு அது இயல்பு. வயது ஏற ஏறத் தானாகவே விலகும், வலிந்து இழுக்கக் கூடாது. பெரியவர்களுக்கு அப்படி இருந்தால் உள்ளே கழிவு தேங்கும், அழற்சி வந்து வந்து போகும், ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடந்தால் புற்று உண்டாகும் வாய்ப்பு பல மடங்கு கூடும். குழந்தைப் பருவத்திலேயே சுன்னத் செய்யும் சமூகங்களில் இந்த நோய் மிக மிகக் குறைவு. பெரியவரான பிறகு செய்துகொள்ளும் சுன்னத்துக்கு அந்த அளவு பாதுகாப்பு கிடையாது. ஆனாலும் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரிய வருகிறது, அதுவே பெரிய லாபம்.

புகையிலையும் ஒரு காரணம். புகைப்பது மட்டுமல்ல, மெல்லும் புகையிலையும் மூக்குப்பொடியும்கூட இந்த நோய்க்கான ஆபத்தைக் கூட்டுகின்றன என்று நம் நாட்டு மருத்துவர்கள் ஹரீஷும் ரவியும் 1995-இல் பிரிட்டிஷ் சிறுநீரகவியல் இதழில் எழுதினார்கள். வாயில் போட்டது எங்கோ கீழே போய் எப்படிப் புற்றை உண்டாக்கும் என்று நோயாளிகள் கேட்பார்கள். புகையிலையின் நச்சு ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போகிறது. பெண்களின் கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. என்னும் வைரஸ் இன்னொரு காரணம். அந்தத் தொடர்பைக் கண்டுபிடித்த ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆண்குறிப் புற்றிலும் கணிசமானவற்றில் அதே வைரஸ் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நோயாளியின் வாயை அடைப்பது "தப்புத்தண்டா பண்ணினவனுக்குத்தான் இது வரும்" என்ற பேச்சுதான். தன் மனைவியைத் தவிர யாரையும் தொடாத ஆட்களுக்கு இந்த நோய் வந்து நான் பார்த்திருக்கிறேன். மேகப்புண், வெட்டை என்று எண்ணிக்கொண்டு, பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்த்து, லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்திருக்கும் வைத்தியரிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்து லேகியம் வாங்கித் தின்றவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தவறு நம் ஊரோடு நிற்பதில்லை. லண்டனில் புகைபோக்கிக்குள் இறங்கிக் கரியைச் சுரண்டும் சிறுவர்களுக்கு, வளர்ந்தபின் விரைப்பையின் தோலில் ஒரு புண் வந்துகொண்டிருந்தது. பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் 1775-இல் அதைப் பற்றி எழுதினார். தொழிலால் வரும் புற்றுநோய் என்று உலகத்தில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது அதுதான். அதில் அவர் வருந்திச் சொன்ன இன்னொன்று உண்டு. இந்த இடத்தில் புண் என்றதுமே நோயாளியும் மருத்துவரும் அதைப் பால்வினை நோய் என்று முடிவு கட்டிப் பாதரச மருந்து கொடுக்கிறார்கள், புண் இன்னும் மோசமாகிறது என்றார். கரி படிந்த பையன்களுக்கு நடந்தது, இரண்டரை நூற்றாண்டு தாண்டி, மூட்டை தூக்குபவருக்கும் தோட்டத்தில் கூலி வேலை பார்ப்பவருக்கும் நடந்துகொண்டிருக்கிறது.

சரி, எங்களிடம் வந்தால் என்ன நடக்கும்? முதலில் பார்க்கிறோம். இதைச் சொல்வதற்கு ஒரு மடலா என்று தோன்றலாம். ஆனால் எங்களிடம் வருகிற பலரை, அதற்கு முன் வைத்தியம் சொன்ன யாருமே வேட்டியை விலக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். தோல் பின்னால் போகாவிட்டால் மரத்துப்போக ஊசி போட்டு, மேல்பக்கமாக ஒரு கீறல் கீறி உள்ளே பார்ப்போம், அல்லது சுன்னத்தே செய்துவிடுவோம். புண்ணின் ஓரத்திலிருந்து சிறு துணுக்குச் சதை எடுத்து நோய்க்கூறு ஆய்வுக்கு அனுப்புவோம். பயாப்சி என்றால் பாதிப் பேருக்குப் பயம். "கத்தி பட்டா பரவிரும்னு சொல்றாங்களே" என்பார்கள். பரவாது. அந்தத் துணுக்கு இல்லாமல் பூஞ்சையா, வெள்ளைத் திட்டா, புற்றா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. புற்று என்றால் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, எந்த அளவு முரட்டுத்தனமானது என்பதெல்லாம் அந்த அறிக்கையில்தான் வரும். அதை வைத்துத்தான் எவ்வளவு வெட்ட வேண்டும் என்றே முடிவு செய்கிறோம்.

எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதுதான் அந்த மனிதரின் மிச்ச வாழ்க்கை. நோய் மேல்தோலோடு நின்றிருந்தால் களிம்பாலேயே தீர்க்கக் கூடிய கட்டம்கூட உண்டு. நீங்கள் கொடுக்கும் களிம்பு அல்ல, ஃபுளோரோயூராசில் என்ற புற்றுநோய் மருந்து. முன்தோலோடு நின்றிருந்தால் சுன்னத்தோடு முடிந்தது. முன்தோலுக்கு அடியில் உள்ள மொட்டின் மேற்பரப்பில் இருந்தால் அந்தத் தோலை மட்டும் உரித்துவிட்டுத் தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்துப் போர்த்துகிறோம். தையல் ஆறியபின் அது ஏறக்குறைய பழைய உருவத்துக்கே வந்துவிடும். நோயைச் சுற்றி 2 சென்டிமீட்டர் நல்ல சதையையும் சேர்த்து வெட்ட வேண்டும் என்று முன்பு பாடப்புத்தகத்தில் இருந்தது. இப்போது சில மில்லிமீட்டர் போதும் என்று தெரிந்திருக்கிறது. எனவே சீக்கிரம் வருகிறவருக்கு முன்பைவிட இன்று நிறையவே மிச்சம் வைக்க முடிகிறது.

இன்னும் உள்ளே இறங்கியிருந்தால் பகுதி நீக்கம். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்கிறோம். அழுகிய கட்டியின் கிருமி வெட்டுகிற இடத்தில் படாமல் இருக்க அதன்மேல் ஒரு கையுறையை மாட்டி இறுகக் கட்டுகிறோம். அடியில் ஒரு ரப்பர் குழாயைச் சுற்றி ரத்தத்தை நிறுத்துகிறோம். பிறகு நிதானமாக அளந்து வெட்ட வேண்டும். சிறுநீர்க்குழாயை மட்டும் மற்ற சதையைவிட ஒரு சென்டிமீட்டர் நீளமாக விட்டு, அதன் வாயைப் பிளந்து விரித்துத் தோலோடு தைக்கிறோம். வெட்டிய மட்டத்திலேயே தைத்துவிட்டால் ஆறும்போது துளை சுருங்கிவிடும், ஒவ்வொரு முறையும் முக்கி முக்கிச் சிறுநீர் போக வேண்டி வரும். மிச்சம் இருப்பது நின்றுகொண்டு சிறுநீர் கழிக்கப் போதுமா என்பதை அறுவை மேஜையில் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்போம். போதும் என்றால் அவரால் தாம்பத்தியமும் பெரும்பாலும் முடியும். அறுவைக்கு முந்தின நாள் இதைச் சொல்லும்போது அந்த முகங்களில் வருகிற மாற்றத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

போதாது என்றால் முழுவதையும் எடுக்க வேண்டியதுதான். சிறுநீர் வழியை விரைப்பைக்குப் பின்னால், ஆசனவாய்க்கு முன்னால் உள்ள இடத்துக்குத் திருப்பிவிடுகிறோம். அதன் பிறகு உட்கார்ந்துதான் போக வேண்டும். உயிர் பிழைப்பார், அது உண்மை. ஆனால் ஐம்பது வயதில் திருவிழாக் கூட்டத்திலும் பேருந்து நிற்கிற இடத்திலும் மற்ற ஆண்களோடு போய் நிற்க முடியாத ஒருவர் மெல்ல மெல்ல வெளியே வருவதையே விட்டுவிடுகிறார். களிம்பு போட்டுக் கழித்த மாதங்களின் விலை இதுதான்.

இதைவிடப் பெரிய விலை தொடை இடுக்கில் இருக்கிறது. இந்தப் புற்று முதலில் பரவுவது அங்கே உள்ள நிணநீர் முடிச்சுகளுக்கு. 'நெறி கட்டியிருக்கு' என்று நம் ஆட்கள் சொல்வது அதைத்தான். நெறிக்குப் பரவாத நோயாளிகளில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவர்கள் ஐந்து ஆண்டைத் தாண்டி நன்றாக இருக்கிறார்கள். அடிவயிற்றின் உள் முடிச்சுகள்வரை போய்விட்டால் அந்த எண்ணிக்கை பத்தில் ஒருவர், இருவர் என்று சுருங்கிவிடுகிறது. கையில் தட்டுப்படும் நெறி என்றால் ஊசியால் உறிஞ்சிச் சோதித்துவிடலாம். கையில் எதுவுமே தட்டுப்படாதவர்களிலும் ஐந்தில் ஒருவருக்கு உள்ளே பரவல் ஒளிந்திருக்கும். அதனால் முற்றிய வகை என்று பயாப்சி சொன்னால் நெறி தெரியாவிட்டாலும் இடுக்கைத் திறந்து பார்க்கிறோம்.

இடுக்கு அறுவையில் தொடையின் பெரிய ரத்தக்குழாய்கள் வெளியே தெரியும்படி அந்தக் கொழுப்பையும் முடிச்சுகளையும் மொத்தமாக எடுக்க வேண்டும். குழாய்களின் மேல் வெறும் தோல் மட்டும் இருக்கக் கூடாது என்பதற்காகத் தொடைத் தசை ஒன்றை மேலே பெயர்த்து வைத்துத் தைப்போம். பல நாள் டியூப் வழியாக நீர் வடிந்துகொண்டே இருக்கும். தையல் ஓரம் கறுத்து அழுகலாம், பிறகு கால் வீங்கலாம். இத்தனை சங்கடத்துக்கும் ஏன் துணிகிறோம் என்றால், செய்யாமல் விட்ட இடுக்கில் நெறி உடைந்து புண்ணாகி, ஒருநாள் அந்தப் பெரிய ரத்தக்குழாயையே அரித்துவிடும். அந்தச் சாவை வீட்டார் பார்க்கவே கூடாது.

இந்த இடுக்கு முடிச்சுகளைப் பற்றிய ஆராய்ச்சியிலிருந்து வந்த ஒரு நன்மையை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். புற்று எந்த முடிச்சுக்கு முதலில் போகுமோ அந்த ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதாதா, அது சுத்தமாக இருந்தால் மற்றவற்றை ஏன் வெட்ட வேண்டும் என்று 1977-இல் கேட்டவர் ரமோன் கபானாஸ். பராகுவே நாட்டில் ஆண்குறிப் புற்று வந்தவர்களை ஆராய்ந்து அவர் சொன்ன 'காவல் முடிச்சு' என்ற கருத்துதான் பிறகு மார்பகப் புற்று அறுவைக்குப் போனது. இன்று உலகெங்கும் எத்தனையோ பெண்கள் அக்குள் முடிச்சுகளை முழுதாக இழக்காமல் கை வீங்காமல் இருக்கிறார்கள் என்றால், அதன் தொடக்கம் ஆண்கள் வெளியே சொல்ல வெட்கப்படும் இந்த நோயில் இருக்கிறது.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஊரும் பெயரும் வேண்டாம். வேட்டியில் கறை தெரியாமல் இருக்க உள்ளே பழைய துண்டை மடித்து வைத்துக்கொண்டு வந்தார். ஜவுளிக்கடை மஞ்சள் பையிலிருந்து அவர் மேஜையில் எடுத்து வைத்தவை எல்லாம் களிம்பு டியூப்கள். ஒவ்வொன்றையும் வாலிலிருந்து இறுக்கிச் சுருட்டி, கடைசிச் சொட்டுவரை எடுத்திருந்தார். அதில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை, சொன்னபடி இரண்டு வேளை போட்டிருக்கிறார். மனைவி வெளியே உட்கார்ந்திருந்தார். மூலம் என்று அவரிடம் சொல்லிக் கூட்டி வந்திருந்தார். அறுவைக்கு ஒப்புதல் வாங்க அந்த அம்மாவிடம் நான் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. கோபப்படுவார், சந்தேகப்படுவார் என்றுதான் கணவர் நடுங்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "எங்கிட்ட சொல்லியிருந்தா அப்பவே கூட்டிட்டு வந்திருப்பேன்ல?" நோய் அதற்குள் ஒரு பக்கத்து நெறிக்குப் போயிருந்தது. பகுதி நீக்கமும் இரு பக்க இடுக்கு அறுவையும் செய்தோம். இப்போது கால் வீக்கத்துக்கு இறுக்கமான காலுறை போட்டுக்கொண்டு தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். அவர் பிழைத்தது எனக்கு எவ்வளவு சந்தோஷமோ, முதல் டியூப் வாங்கிய அன்றே வந்திருந்தால் ஒரு சுன்னத்தோடு போயிருப்பார் என்பது அவ்வளவு வேதனை.

இனி உங்களிடம் கேட்பது. அந்த இடத்துக்கு என்று ஒருவர் களிம்பு கேட்டால், "எத்தனை நாளா இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். "தோல் பின்னால போகுதா? உள்ள புண்ணு, முளை எதுவும் தெரியுதா? நாத்தம், ரத்தம் இருக்கா?" பத்து வினாடிகூட ஆகாது. நாலைந்து நாள் அரிப்பு, தோல் நன்றாக விலகுகிறது, சர்க்கரை உண்டு என்றால் அது பூஞ்சையாக இருக்கலாம். அவர் டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவரா என்று உங்கள் பில்லைப் பார்த்தாலே தெரியும். சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் அந்த மாத்திரைகளால் அங்கே பூஞ்சை வருவது சகஜம், அதை மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், தோல் விலகாமல் உள்ளே ஏதோ கட்டியாகத் தட்டுப்படுவது, ஏற்கெனவே ஒரு டியூப் போட்டும் திரும்ப வந்தது, இவற்றில் எது இருந்தாலும் அடுத்த டியூப்பைக் கொடுக்காதீர்கள்.

கவுன்டரில் நிற்கும் தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. இதை அவர்கள் வாயால் கேட்கச் சங்கடமாக இருக்கும், வருபவருக்கும் சங்கடம். இந்தக் கேள்விகளை நாலு வரியில் ஒரு சீட்டில் எழுதி, கீழே எங்கே போக வேண்டும் என்பதையும் எழுதி வைத்துக்கொண்டால் போதும். "இதப் படிச்சுப் பாருங்கண்ணே" என்று களிம்புக்குப் பதில் அதை நீட்டலாம்.

கடை நடத்துவதில் உள்ள பாரம் எனக்குத் தெரியும். தள்ளுபடி விலைக் கடைகளும் ஆன்லைன் வியாபாரமும் உங்களை நெருக்குகின்றன. பேருந்துக்கு அவசரப்படுகிறவர் நீங்கள் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் வாங்கிவிடுவார். அதனால்தான் ஒரு கடைக்கு எழுதாமல் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். வரிசையாக உள்ள கடைகளில் எல்லாம் ஒரே பதில் வந்தால் அவர் ஆற்றைத் தாண்டிக் கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரிக்குப் போவார்.

அரசும் இதைக் கவனிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீடுவீடாகச் சென்று ரத்தக்கொதிப்பையும் சர்க்கரையையும் பார்க்கிறது, நல்ல காரியம். வாய்ப்புற்று, மார்பகப் புற்று, கருப்பைவாய்ப் புற்று பற்றிக் கேட்கவும் முகாம்கள் இருக்கின்றன. ஐம்பது வயது ஆணிடம் இந்தக் கேள்வியைக் கேட்கிற இடம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. அது வரும்வரை உங்கள் கண்ணாடி மேஜைதான் அந்த இடம்.

இன்னும் இரண்டு பேர் உங்கள் கடைக்கு வருவார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருபது வயதுப் பையன் விரை வீங்கியிருக்கிறது என்று சொல்லித் தாங்கு உள்ளாடை கேட்பான். வலியில்லாமல் ஒரு விரை மட்டும் கனத்துக் கல்லாக இருந்தால் அது ஓதம் என்று விட்டுவிடக் கூடாது, விரைப் புற்றாக இருக்கலாம். சிறுவயதில் விரை கீழே இறங்காமல் இருந்தவர்களுக்கு இது அதிகம் வரும். அதில் ஊசி குத்தி நீர் எடுக்க யாரையும் விடக் கூடாது. விரைப்பை வழியாகக் கத்தியோ ஊசியோ போனால் நோய் வேறு பாதையில் பரவும். இடுப்புப் பக்கம் கீறித்தான் எடுக்க வேண்டும். 1974-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் சிஸ்பிளாட்டின் மருந்தை மற்ற இரண்டோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து, பரவிய நிலையிலும் பெரும்பாலோர் குணமாகிற புற்றுநோய் இது. இன்னொருவர், சிறுநீரில் ரத்தம் போகிறது, சூடு என்று சொல்லி நீர்க்கடுப்பு சிரப் கேட்பவர். கடுப்போ எரிச்சலோ இல்லாமல் வெறும் ரத்தம் மட்டும் போனால் அதற்குச் சிரப் வேண்டாம், ஸ்கேன்தான் வேண்டும். அது ஒரே நாளில் நின்றுவிட்டாலும் வேண்டும்.

எங்கே அனுப்புவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று பழைய ஆட்கள் சொல்லும் நம் பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு இராசாசி மருத்துவமனையில், சிறுநீரகவியல் துறை இருக்கிறது. புறநோயாளிச் சீட்டு வாங்கும்போது என்ன நோய் என்று உரக்கச் சொல்ல வேண்டியதில்லை, 'யூராலஜி' என்றால் போதும். பிறகு கதிரியக்கமோ மருந்து சிகிச்சையோ தேவைப்பட்டால் பாலரெங்காபுரத்தில் அதற்கான மையம் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை பாதுகாப்பு உண்டு. அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டையும் கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய வருமானச் சான்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போகலாம். பணத்துக்குப் பயந்து யாரும் ஊருக்குத் திரும்ப வேண்டியதில்லை என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வரும்போது ஆதார், காப்பீட்டு அட்டை, சர்க்கரைக்குச் சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் கொண்டு வரச் சொல்லுங்கள். முடிந்தால் மனைவியையோ மகனையோ கூட்டி வரட்டும், முடியாவிட்டால் தனியாகவே வரட்டும். போட்டுத் தீர்ந்த டியூப்களைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். எதைப் போட்டார், எத்தனை மாதம் போட்டார் என்பது எங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காக எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று அவரிடம் நாங்கள் கேட்கப் போவதில்லை.

அன்புடன்,
மதுரையில் சிறுநீரகவியல் அறுவை மருத்துவம் பார்க்கும் உங்களில் ஒருவன்